ஹார்வெஸ்ட்: பருவமா, அறுவடையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் 'ஆட்டம்' (autumn), 'ஃபால்' (fall), 'ஹார்வெஸ்ட்' (harvest) என்ற ஆங்கிலச் சொற்கள் மூன்றுக்கும் 'அறுவடைக்காலம்' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடலாம் என்கிற யோசனை எனக்கு உடன்பாடில்லை. ஒரு காலத்தில் மூன்றும் ஒரே பருவத்தின் பெயர்கள்தான். ஆனால் ஃபால் மரத்தைப் பார்த்து வைத்த பெயர், ஹார்வெஸ்ட் வயலைப் பார்த்து வைத்த பெயர்.

பழைய ஆங்கிலத்தில் அந்தப் பருவத்துக்கே ஹார்வெஸ்ட் என்ற சொல்லின் முன்வடிவம்தான் பெயர். அதன் உறவுச் சொல்லான 'ஹெர்ப்ஸ்ட்' ஜெர்மனில் இன்றும் பருவத்தையே குறிக்கிறது. அறுவடைக்கு அவர்கள் 'எர்ன்ட' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலோ லத்தீன் சொல்லான ஆட்டம் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் 'இலை விழும் காலம்' என்ற பொருளில் ஒரு தொடர் வழங்கி, அது சுருங்கி ஃபால் ஆனது. இந்த இரண்டும் பருவத்தை எடுத்துக்கொள்ள, ஹார்வெஸ்ட் வயல்வேலையோடு நின்றுவிட்டது. சொல் இப்படிப் பிரிவது ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. ஒரே மூலத்திலிருந்து வந்த 'ஹோஸ்ட்' ஸ்வீடிஷில் பருவம், டேனிஷில் அறுவடை!

ஆகவே ஆட்டம், ஃபால் இரண்டுக்கும் 'இலையுதிர்காலம்' போதும். பழந்தமிழ்ப் பருவப் பெயரான 'கூதிர்' வேண்டாம். மாதங்கள் ஓரளவு பொருந்தினாலும் ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழை. முதுமலை மரங்கள் இலை உதிர்ப்பதே மழை ஓய்ந்து காடு காயும் மாதங்களில்தான். அதனால் இலையுதிர்காலம் குளிர்நாட்டுப் பருவம் என்று அகராதியில் ஒரு குறிப்பு அவசியம்.

பழைய நூல்களில் ஹார்வெஸ்ட் பருவமாக வரும் இடத்துக்கு 'போகம்' சரியாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். இருபோகம், முப்போகம் என்கிறோம்; இலங்கையில் காலபோகம், சிறுபோகம் என்கிறார்கள். விளைச்சலும் காலமும் ஒட்டியே நிற்கும் அருமையான சொல் அது. ஆனால் போகம் விதைப்பிலேயே தொடங்கிவிடும், ஆண்டில் இரண்டு மூன்று முறையும் வரும். அதனால் அதை விட்டுவிட்டேன். என் பரிந்துரை 'அறுப்புக்காலம்'. தமிழ் விவிலியத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான். புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

சரி, வேலையைக் குறிக்கும் ஹார்வெஸ்டுக்கு 'அறுவடை' போதுமா? நெல்லுக்கும் சோளத்துக்கும் போதும். பருத்தியைப் பறிக்கிறோம், நிலக்கடலையைப் பிடுங்குகிறோம், கரும்பை வெட்டுகிறோம், தேனை எடுக்கிறோம். இதில் எதையும் யாரும் அறுப்பதில்லை. ஹார்வெஸ்டின் வேர் லத்தீனில் 'பறி' என்று பொருள்படும் வினைக்கு உறவு. அரிவாளை நினைவூட்டாத சொல் என்பதால் எல்லாப் பயிருக்கும் செல்கிறது. நம் அறுவடையில் 'அறு' இன்னும் உயிரோடு இருக்கிறது. மழைநீருக்கு 'அறுவடை' என்று வைக்காமல் 'சேகரிப்பு' என்று வைத்தது எவ்வளவு நல்ல காரியம்!

கலைச்சொல் பட்டியலில் அறுவடையைப் பொதுச்சொல்லாக வைத்து, அதன் கீழே பயிருக்குப் பயிர் மாறும் வினைகளையும் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேயிலைக்குக் 'கொழுந்து பறித்தல்' சேர்த்திருக்கிறேன். மஞ்சள், மரவள்ளி, மிளகு மூன்றுக்கும் உங்கள் ஊர்ப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.