டெபியன் 12: ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் சத்தம் குறைவு, வி.எல்.சி.யில் சரியாக இருக்கிறது

கேள்வி: தறிநூல்

டெபியன் 12 லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப், லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர். மேல் மூலையில் உள்ள வால்யூம் 100. வி.எல்.சி.யில் பாட்டு ஓட்டினால் அறையெல்லாம் கேட்கிறது. அதே பாட்டை ஃபயர்ஃபாக்ஸில் யூடியூபில் போட்டால், காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கிறது. யூடியூப் வால்யூமும் 100தான். குரோமியத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. ஃபயர்ஃபாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பலனில்லை. எங்கே பார்ப்பது?

பதில்: ஒலிவரிசை

வி.எல்.சி. நன்றாகக் கேட்கிறது என்றால் சவுண்ட் கார்டு, டிரைவர், சவுண்ட் கார்டின் அளவுகளை மாற்றும் ஆல்சாமிக்சர் எதையும் தொடாதீர்கள். அவை எல்லா செயலிகளுக்கும் பொது. செயலிகளின் ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும் பைப்வயர் ஒவ்வொரு செயலிக்கும் தனி வால்யூம் வைத்திருக்கிறது, அதுதான் இறங்கியிருக்கும்.

பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலை நிறுவிக்கொள்ளுங்கள். பெயர் பைப்வயருக்கு முந்தைய ஒலி அமைப்பினுடையது, ஆனால் பைப்வயரிலும் வேலை செய்யும். யூடியூபில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து முதல் பக்கமான பிளேபேக்கைப் பாருங்கள். பாஸ் செய்துவிட்டுத் தேடினால் ஃபயர்ஃபாக்ஸ் வரி அங்கே இல்லாமல் போகலாம். பலர் இங்கேதான் ஏமாந்து திரும்பிவிடுகிறார்கள். அந்த வரியின் ஸ்லைடரை 100க்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் 153 வரை போகும், போகாதீர்கள். 100 என்பது 0 டெசிபல். அதைத் தாண்டினால் ஒலி உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

மறுபடி நிறுவியும் மாறாததற்குக் காரணம், இந்த அளவு ஃபயர்ஃபாக்ஸுக்குள் இல்லை. பைப்வயரை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் என்ற துணை நிரல், செயலியின் பெயரை வைத்து அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. என்றைக்கோ ஒருமுறை குறைத்தால் போதும், அடுத்து திறக்கும் எல்லா டேபுக்கும் அதே அளவுதான்.

பதில்: முனையம்

கூடவே ஒன்று. வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்து வால்யூம் வரியைப் பாருங்கள். ‘100% / 62%, கன்டென்ட் லவுட்னஸ் 4.1 டெசிபல்’ என்பதுபோல் இருந்தால், அந்த வீடியோ அதிகச் சத்தத்தில் பதிவானது, யூடியூபே 4.1 டெசிபல் குறைத்திருக்கிறது என்று பொருள். லவுட்னஸ் மைனஸில் இருந்தால் வீடியோவே மெலிந்த பதிவு. யூடியூப் அதை ஏற்றித் தராது. இந்த வித்தியாசம் சில டெசிபல்தான், நீங்கள் சொல்லும் அளவுக்கு இருக்காது.

மைக் பயன்படுத்தும்போது மட்டும் புளூடூத் ஹெட்செட்டில் சத்தம் மெலிந்தால் அது வேறு கதை: பாட்டுக் கேட்பதற்கான ஏ2டிபி முறையை விட்டு, மைக்கோடு பேசுவதற்கான ஹெட்செட் புரொஃபைலுக்கு மாறியிருக்கும். பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் தெரியும்.

தறிநூல்

கண்டுபிடித்துவிட்டேன், நன்றி. ஃபயர்ஃபாக்ஸ் வரியில் 34%, பக்கத்தில் −28.11 டெசிபல். 100 ஆக்கியதும் சரியாகிவிட்டது. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி 34க்கே வந்து நிற்கிறது. அதுசரி, 34% என்றால் மூன்றில் ஒரு பங்காவது கேட்க வேண்டாமா?

பதில்: ஒலிவரிசை

அந்த ஸ்லைடர் நேர்விகிதம் இல்லை, மும்மடிப் பெருக்கு (கியூபிக்). 50% என்றாலே −18 டெசிபல். 34% என்பது 0.34 × 0.34 × 0.34, அதாவது அலையின் உயரம் ஏறக்குறைய 4%தான் மிஞ்சும். அதனால்தான் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

திரும்பத் திரும்ப 34 வருகிறதென்றால் வயர்பிளம்பரால் புது அளவை எழுத முடியவில்லை. ஹோம் கோப்புறையில் கன்ட்ரோல் + எச் அழுத்தி மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். .லோக்கல், அதற்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர். அங்கே ரீஸ்டோர்-ஸ்ட்ரீம் என்ற கோப்பு இருக்கும். கோப்பின் உரிமையாளர் யார், கோப்புறையின் உரிமையாளர் யார், இரண்டையும் பண்புகளில் பாருங்கள். ‘ரூட்’ (நிர்வாகி) என்றிருந்தால் யாரோ எப்போதோ சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டியதன் விளைவு. கோப்புறை முழுவதையும் உங்கள் பயனர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

பிறகு டெர்மினலில், சேவைகளை நிறுத்தித் தொடங்கும் கட்டளையான சிஸ்டம்சிடிஎல்லை ‘யூசர்’ விருப்பத்தோடு ஓட்டி வயர்பிளம்பரை நிறுத்துங்கள், ரீஸ்டோர்-ஸ்ட்ரீமை மட்டும் அழியுங்கள், மறுபடி தொடங்குங்கள். நிறுத்தாமல் அழித்தால் நினைவில் இருக்கும் பழைய அளவையே திரும்ப எழுதிவிடக்கூடும். இதற்கெல்லாம் சூடோ வேண்டாம். உரிமையாளரை மாற்றும் அந்த ஒரு படிக்கு மட்டும்தான். மற்ற செயலிகளின் வால்யூமும் இதனால் பழைய இயல்பு நிலைக்குப் போகும், வேண்டியதை மறுபடி அமைத்துக்கொள்ளுங்கள்.