கரப்புடுப்பின் வட்டம்: குறைந்த காசில் டப்லெட் வாங்கிய அனுபவங்கள்

ஆரையம்பதியிலிருந்து

எங்கட அப்பப்பா மட்டக்களப்புப் பக்கத்து வடமோடிக் கூத்தில ராசா வேசம் கட்டினவர். கரப்புடுப்போட வட்டக்களரியில, அதான் கூத்தாடுற வட்ட மேடையில, அவர் சுழன்று வாற நேரம் அந்த உடுப்பின்ர விளிம்பு, வாவியில மீனுக்குக் கவிழ்க்கிற கரப்பு மாதிரியே விரிஞ்சு நிக்கும். அதைச் சித்திரக்கதையா வரையவேணும் எண்டது என்ர சின்ன வயசு ஆசை. 2021 கடைசியில, சேர்த்து வைச்ச காசோட டப்லெட் தேட வெளிக்கிட்டன். கொம்பியூட்டர்ல கொழுவி, பேனையால கீறினா திரையில கோடு வாற பலகைதான் அது.

விளம்பரங்களில 4096, 8192 எண்டு அழுத்த நிலைக் கணக்குத்தான் பெரிய எழுத்தில கிடக்கும். பேனையை அழுத்துறதை எத்தனை படியாப் பிரிச்சு உணருது எண்டதுதான் அந்தக் கணக்கு. நானும் 8192 எண்டதை மட்டும் பார்த்து, காசும் குறைவெண்டு, 4 அங்குலத்துக்கு 3 அங்குலப் பலகை ஒண்டை வாங்கினன். முதல் நாள் வரைஞ்சது அந்த உடுப்பின்ர வட்டத்தைத்தான். கை வட்டமாத்தான் போகுது, திரையில படுத்த முட்டையா வருது. பத்துத் தரம் அழிச்சு வரைஞ்சும் அதே முட்டை. என்ர கைதான் பிழை எண்டு நினைச்சு அண்டிரவு அழுதிட்டன்.

கையில ஒரு பிழையும் இல்ல. பலகை 4க்கு 3. லப்டொப் திரை 1366க்கு 768 புள்ளி, அதாவது 16க்கு 9. பலகை முழுக்கத் திரை முழுக்கப் பரவினா, பலகையில ஒரு அங்குலம் குறுக்கால 341 புள்ளியா விரியுது, மேலும் கீழுமா 256 புள்ளிதான். டிரைவருக்குள்ள, அதான் பலகையை இயக்குற மென்பொருளுக்குள்ள போய், திரையின்ர விகிதத்தைப் பிடிச்சு வைக்கிற பெட்டியில சரி போட்டவுடன வட்டம் வட்டமா வந்தது. ஆனா அப்பிடிச் செய்தா பலகையின்ர 3 அங்குல உயரத்தில இரண்டேகால்தான் மிஞ்சுது. அடையாள அட்டையை விடக் கொஞ்சந்தான் பெரிய இடம். அதுக்குள்ள மணிக்கட்டை மட்டும் ஆட்டித்தான் வரையலாம். நீளக்கோடு முழங்கையில இருந்து வரவேணும், அதுக்கு இடமே இல்ல. மூண்டு மாசத்தில மணிக்கட்டு நோ தாங்கேலாமப் போச்சு.

பெரிசா ஒண்டு வாங்குவம் எண்டு நினைக்க 2022 வந்திட்டுது. இலங்கையில 200 ரூபாயா இருந்த டொலர் மார்ச்சுக்குப் பிறகு 360க்குக் கிட்டப் போனது எல்லாருக்கும் தெரியும். விலை கேட்கவே பயம். 2023இலதான் ஹுயான் எச்640பி எண்ட பலகையை வாங்கினன். வரையிற இடம் 6.3 அங்குலத்துக்கு 3.9. திரை விகிதத்துக்குப் பூட்டினாலும் மூண்டரை அங்குல உயரம் மிஞ்சும். பேனைக்குப் பற்றரி இல்ல, சார்ஜும் தேவையில்ல. அப்பப்பாட கரப்புடுப்பு அதிலதான் முதன்முதலா ஒரே இழுவையில வந்தது.

அதால என்ர எண்ணம் இதுதான்: அழுத்தக் கணக்கைப் பார்க்கிறதை விட்டிட்டு, உங்கட கை எவ்வளவு தூரம் ஓடுது எண்டு முதல்ல பாருங்க. என்ர தோழி ஒருத்தி வரையிறது ‘வன் பை வாகொம்’ சின்னப் பலகையில. அதில 2048 நிலைதான். அவள் இழுக்கிற மைக்கோட்டில மெல்லிசும் தடிப்பும் அவ்வளவு வடிவா வரும்.

கல்முனையிலிருந்து

அக்கா, என்னட்ட லப்டொப்பே இல்ல. முழுக்க ஃபோன்லதான். முதல்ல ரப்பர் முனை வைச்ச பேனை ஒண்டு வாங்கினன், அது விரலால கீறுற மாதிரித்தான். அழுத்தினாலும் கோடு தடிக்காது. மறுகாத்தான், ஆண்ட்ராய்டுக்கு ஒத்து வாற பென் டப்லெட் ஒண்டை ஓடிஜி துண்டு (ஃபோன்ல யூஎஸ்பி சாமான் கொழுவுற இணைப்பு) போட்டு ஃபோன்ல கொழுவினன்.

இதை யாரும் முதல்லயே எனக்குச் சொல்லியிருந்தா நல்லம்: ஃபோன்ல கொழுவினா பலகை முழுக்க வேலை செய்யாது. ஃபோனை நிமித்தி வைச்சிருக்கிற வடிவத்துக்கு, ஒரு பக்கத்து ஒடுக்கமான துண்டு மட்டும்தான் எடுக்கும். அக்கா சொன்ன முழங்கை இழுவைக்கு அதில இடமில்ல. நான் கன்வஸைப் பெரிசாக்கிப் பெரிசாக்கித்தான் வரையிற. ஆண்ட்ராய்ட் எண்டு பெட்டியில போட்டிருக்கா எண்டு பார்க்காம வாங்கிராதீங்க, எல்லாம் ஃபோனுக்கு ஓடாது.

ஆனா இதில ஒரு நன்மையும் கண்டன். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்தமே, அந்த நாளையிலயும் நான் வரைஞ்ச. பலகை ஃபோன்ல இருந்துதான் கரண்ட் இழுக்கும், பவர்பேங்க்ல ஃபோனை ஏத்தி வைச்சிருந்தாப் போதும். உம்மா குப்பிலாம்பைக் கிட்டக் கொண்டுவந்து வைப்பா. ஐபிஸ் பெயின்ட் எண்ட வரையிற ஆப்பில முதல் பன்னிரண்டு பக்கமும் அப்பிடித்தான் முடிஞ்ச.

பேச்சுக் குமிழிக்குள்ள தமிழ் எழுதுறதுதான் பெரிய கரைச்சல். நான் பாவிச்ச ஒரு ஆப்பில ‘போ’ எண்டு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கடைசியில எல்லா எழுத்தையும் கையாலயே எழுதிட்டன்.

வாழைச்சேனையிலிருந்து

நான் ரெண்டாம் கையில வாங்கின ஆள். 9,000 ரூபாக்கு ஒருத்தரிட்ட வாங்கி, பஸ்ஸில வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டா, கோடு பாதியில அறுந்து அறுந்து வருது. வயர் கொழுவுற வாய் ஆடிப்போயிருந்தது. வயரை ஒரு பக்கம் சரிச்சுப் பிடிச்சாத்தான் உயிர் வரும். வித்தவர் பிறகு ஃபோன் எடுக்கல்ல.

அதுக்குப் பிறகு நாலு பேருக்கு நான் பார்த்து வாங்கிக் குடுத்திருக்கன். வாங்கப் போற இடத்துக்கு அடிமட்டம் ஒண்டு கொண்டு போங்க. அதைப் பலகையில சாய்வா வைச்சு, பேனையை மெதுவா, நல்லா மெதுவா இழுங்க. கெதியா இழுத்தா எல்லாம் நேராத்தான் தெரியும், மெதுவா இழுக்கக்குள்ளதான் நடுக்கம் காட்டும். இழுக்கிற நேரம் மற்றக் கையால வயரையும் ஆட்டிப் பாருங்க. மேற்பரப்பில விரல் நுனியை ஓட்டினா, பள்ளம் விழுந்த கீறல் தட்டுப்படும்.

பேனை இல்லாம பலகை மட்டும் மலிவாக் கிடைச்சா வாங்க வேணாம். வேற கம்பனிப் பேனை அதில எழுதாது, அதே கம்பனியின்ர வேற மொடல் பேனையும் எழுதாமப் போகலாம். நிப், அதான் பேனை முனை, தேஞ்சிருந்தா பரவாயில்ல, அது மாத்துற சாமான்தான்.

அக்காட்ட ஒரு கேள்வி. கிரிட்டா எண்ட வரையிற மென்பொருளில எனக்குக் கோடு வருது, அழுத்தம் மட்டும் எடுக்குதில்ல. அதோட, புத்தகமா அச்சடிக்கிற எண்டா எந்த அளவில வரையவேணும்? என்ர மெசின் 4 ஜிபி.

ஆரையம்பதியிலிருந்து

தம்பி, கிரிட்டாவின்ர செற்றிங்கில டப்லெட் பகுதிக்குப் போங்க. பேனையின்ர அழுத்தத்தை வாங்க வின்டேப், விண்டோஸ் இங்க் எண்டு ரெண்டு வழி இருக்கு. இப்ப எது இருக்கோ அதை மாத்திப்போட்டு, கிரிட்டாவை மூடித் திறங்க. அப்பவும் வரல்லையெண்டா, முந்திப் பாவிச்ச பலகையின்ர டிரைவர் உள்ள கிடக்கா எண்டு பாருங்க. ரெண்டு டிரைவர் ஒண்டா இருந்தா சண்டைதான். எனக்கு அதாலதான் ரெண்டு நாள் போனது.

கறுப்பு வெள்ளைக்கு 600 டிபிஐ, அதான் ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி, எண்டு சொல்லுவாங்க. ஆனா ஏ4 பக்கம் அந்த அளவில 4960க்கு 7016 புள்ளி. ஒரு லெயர் (ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வரையிற தாள் மாதிரி) மட்டும் 130 எம்பிக்கு மேல வரும். 4 ஜிபி மெசின் ஆறேழு லெயரில திணறத் தொடங்கும், கோடு பேனைக்குப் பின்னால இழுபட்டு வரும். நான் ஏ5 அளவிலதான் 600 வைக்கிற, அது சரியாப் பாதிப் பாரம். நிறம் போடுற பக்கத்துக்கு 300 போதும்.

கல்முனைத் தம்பிக்கு: கையெழுத்தை விடாதீங்க, சித்திரக்கதைக்கு அதுதான் அழகு. அச்செழுத்துத்தான் வேணுமெண்டா கொம்பியூட்டர்ல பாமினி போட்டுப் பாருங்க. ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில தமிழ் வடிவத்தை வைச்ச பழைய எழுத்துரு அது, அதால கொம்பும் காலும் பிரியாது.

என்ர அந்தச் சின்னப் பலகை இன்னும் பெட்டியோட இருக்கு. எந்த அளவு வாங்கிற எண்டு யோசிக்கிற ஆக்கள் கல்லடிப் பக்கம் வந்தா சொல்லுங்க, ரெண்டையும் கொண்டு வாறன். ஒவ்வொண்டிலயும் ஒரு பெரிய வட்டம் இழுத்துப் பார்த்திட்டுப் போய் வாங்கலாம்.