விஸ்டா ஸ்டிக்கர் வழக்கு: மூவி மேக்கர் ஓடியதா, இல்லையா?

பழைய மதர்போர்டு:
கணக்குப்பிள்ளை நேற்று போகிற போக்கில் ஒரு வரியை வீசிவிட்டுப் போயிருக்கிறார்: "விஸ்டா ஸ்டிக்கர் வழக்கு வக்கீல்கள் காசு பார்க்கப் போட்டது. ஸ்டிக்கர் ஒட்டிய அத்தனை கணினியிலும் விஸ்டா ஓடத்தானே செய்தது?" படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: விஸ்டா என்பது எக்ஸ்பிக்கு அடுத்து மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த விண்டோஸ். அது பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 ஜனவரி 30. 2006 கிறிஸ்துமஸ் விற்பனையைக் கோட்டை விட்டாயிற்று. 'புதுசு வரட்டும், அப்புறம் வாங்கலாம்' என்று ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாதே என்று, 2006-லேயே எக்ஸ்பி கணினிகளின் மேல் 'விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்' (விஸ்டா ஓடத் தகுதியானது) என்ற ஸ்டிக்கரை ஒட்டி விற்றார்கள். அதை நம்பி வாங்கியவர்கள் மைக்ரோசாஃப்ட் மேல் போட்டதுதான் இந்த வழக்கு. கிராஃபிக்ஸையும் தானே கவனிக்கும் இன்டெல் 915 சிப்செட் (மதர்போர்டுச் சில்லு) வைத்த மடிக்கணினிக்கும் அதே ஸ்டிக்கர். அந்த 915-ஆல் விஸ்டாவின் புது கிராஃபிக்ஸ் டிரைவர் முறையைத் தாங்க முடியாது என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும்.

மைக் நாஷ் மைக்ரோசாஃப்டின் துணைத் தலைவர்களில் ஒருவர். அவரே ஸ்டிக்கரை நம்பி, சொந்தக் காசில் ஒரு சோனி மடிக்கணினி வாங்கினார். ஜன்னல்களைக் கண்ணாடி போலக் காட்டும் விஸ்டாவின் ஏரோ கண்ணாடித் திரை வரவில்லை, போகட்டும். வீடியோவை வெட்டி ஒட்டும் மூவி மேக்கரும் ஓடவில்லை. 2,100 டாலர் கொடுத்து மின்னஞ்சல் பார்க்க ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறேன் என்று அலுவலகத்துக்குள்ளேயே புலம்பி எழுதினார். 2008-ல் நீதிமன்றம் அந்த மின்னஞ்சல்களை வெளியே விட்டது. கணக்குப்பிள்ளை ஐயா, ஒரே கேள்வி. மூவி மேக்கர் ஓடியதா, இல்லையா?

கணக்குப்பிள்ளை:
வணக்கம் அண்ணே. காலையிலேயே சூடாக இருக்கிறீர்கள். கண்ணாடித் திரை எல்லாம் விஸ்டாவின் விலை கூடிய பதிப்பான ஹோம் பிரீமியம் சமாச்சாரம். ஸ்டிக்கருக்குத் தேவை மலிவுப் பதிப்பான ஹோம் பேசிக் ஓடுவது, அவ்வளவுதான். அப்போது பேசிக் பெட்டி 199 டாலர், பிரீமியம் 239 டாலர். பிரீமியம் ஓட வேண்டுமென்றால் 1 ஜிபி ராம், 128 எம்பி கிராஃபிக்ஸ் நினைவகம் வேண்டும் என்று 'பிரீமியம் ரெடி' என்ற தனித் தரமே வைத்திருந்தார்கள். சாதா ஸ்டிக்கருக்கு 512 எம்பி ராமும் 800 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் போதும். எல்லாமே அவர்கள் தளத்தில் இருந்தது. நாஷ் துணைத் தலைவர் என்பதற்காகச் சொந்தக் கம்பெனியின் தளத்தைப் படிக்கக் கூடாதா என்ன?

பழைய மதர்போர்டு:
மூவி மேக்கர் ஹோம் பேசிக்கிலும் உண்டு தம்பி. பேசிக்கில் இல்லாதது ஹெச்டி படமாக்கும் வசதி. அப்படியானால் பேசிக்கில் தருவதாகச் சொன்னதுகூட ஸ்டிக்கர் ஒட்டிய கணினியில் ஓடவில்லை. பிரீமியம், பேசிக், 199, 239 என்று கணக்கு எழுதி என்னைச் சுற்றவிட வேண்டாம். மூவி மேக்கர் ஓடியதா, இல்லையா?

நீலத்திரை:
நான் லினக்ஸ் ஆள், எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் அந்த ஸ்டிக்கர் ஒட்டிய மடிக்கணினி என்னிடமும் ஒன்று இருந்தது. 512 எம்பி ராம். விஸ்டாவை ஏற்றிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், முதலில் ஹார்ட் டிஸ்க் விளக்கு பதறிப் பதறி மின்னும். அப்புறம் மெனுவின் சட்டம் மட்டும் வரும். அதற்கப்புறம் ஐகான்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். பக்கத்தில் டச்பேடுக்கு அருகே அந்த வழவழப்பு ஸ்டிக்கர், கை பட்டுப் பட்டு ஓரம் கிளம்பி, பசை கறுத்து, ஆனாலும் சிரித்துக்கொண்டே இருக்கும். 'ஓடியது' என்று கணக்குப்பிள்ளை சொல்வது இதைத்தான் என்றால், ஆமாம், ஓடியது.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, அவரே ஓடியது என்கிறார். நன்றி.

நீலத்திரை:
கிண்டல் புரியாதவர்களோடு பேசுவது வீண்.

பழைய மதர்போர்டு:
அவருக்கு எப்படிப் புரியும்? இன்னொரு மின்னஞ்சலையும் படிக்கட்டும். மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஜான் கால்க்மன் 2007-ல் எழுதியது. 915 பதித்த மதர்போர்டுகளை இன்டெல் தொடர்ந்து விற்று அந்தக் காலாண்டு வருமானக் கணக்கைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நாம் தகுதியைத் தளர்த்தினோம் என்கிறார். வாடிக்கையாளருக்காக இல்லை, இன்டெலின் காலாண்டுக் கணக்குக்காக! முதலில் வைத்த விதியை நம்பி நல்ல கிராஃபிக்ஸுக்குச் செலவு செய்த கணினிக் கம்பெனி ஹெச்பி கொதித்துப்போனது. விண்டோஸுக்கே பொறுப்பாக இருந்த ஜிம் ஆல்ச்சின், இதில் நாம் சொதப்பிவிட்டோம் என்று எழுதினார். இத்தனை பேர் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒப்புக்கொண்டதை, வாசலில் நின்று மறுக்க ஒரு கணக்குப்பிள்ளை!

கணக்குப்பிள்ளை:
கால்க்மன் சொன்னதை இன்டெல் அப்போதே மறுத்தது. எங்கள் உள்நிதிக் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மூவி மேக்கர் மூவி மேக்கர் என்று ஜபம் செய்கிறீர்களே, அப்படிப்பட்ட கணினிகளுக்கென்றே மூவி மேக்கர் 2.6 இலவசமாகக் கொடுத்தார்கள். அதையும் சொல்ல மாட்டீர்கள். அப்புறம், தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். எனக்கு உங்கள் வயது இருக்கலாம்.

பழைய மதர்போர்டு:
வயதைச் சொல்லுங்கள், அண்ணன் என்று கூப்பிடுகிறேன். 2.6 என்பது என்ன? எக்ஸ்பியில் ஏற்கெனவே இருந்த அதே பழைய மூவி மேக்கர். விஸ்டாவின் மூவி மேக்கர் ஓடாததால்தானே அதைக் கொடுக்க வேண்டி வந்தது? எக்ஸ்பியில் இருந்ததையே திருப்பிக் கொடுப்பதற்கு எதற்கு விஸ்டா, எதற்கு ஸ்டிக்கர்? உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஓடவில்லை.

கணக்குப்பிள்ளை:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 2.6 ஓடியது. அதன் பெயரும் மூவி மேக்கர்தான்.

சட்டப்புள்ளி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூவி மேக்கரால் இந்த வழக்கு நிற்கவும் இல்லை, விழவும் இல்லை. 2007-ல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்தார்கள், நீதிபதி மார்ஷா பெக்மன். 2008 பிப்ரவரியில் கூட்டு வழக்காக, அதாவது வாங்கிய எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்காக, நடத்த அனுமதி கிடைத்தது, அதுவும் ஒரு குறுகிய வாதத்தின் மேல்: ஸ்டிக்கரால் இந்தக் கணினிகளுக்குத் தேவை செயற்கையாகக் கூடி, விலையும் ஏறி, வாங்கிய எல்லோரும் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பது. அந்த விலையேற்றத்தை அத்தனை பேருக்கும் பொதுவாக நிரூபிக்க முடியவில்லை. 2009 பிப்ரவரியில் கூட்டு வழக்கு அந்தஸ்தை நீதிபதி ரத்து செய்தார். தனித்தனியாக வழக்கு நடத்தத் தடையில்லை. ஸ்டிக்கர் ஏமாற்றா இல்லையா என்று நீதிமன்றம் கடைசிவரை தீர்ப்பே சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
அதாவது தோற்றார்கள்.

பழைய மதர்போர்டு:
அதாவது மைக்ரோசாஃப்ட் ஜெயிக்கவில்லை. கணினிக்கு ஐம்பது நூறு நஷ்டத்துக்காக எவன் தனியாக வக்கீல் வைப்பான்? அது தெரிந்துதானே ஒட்டினார்கள்.

சட்டப்புள்ளி:
நான் இரண்டையுமே சொல்லவில்லை.

டிஸ்க் மணி:
இதையெல்லாம் விடுங்கள். ஹார்ட் டிஸ்க் கம்பெனிகள் அடித்த கொள்ளைக்கு முன்னால் விஸ்டா எந்த மூலைக்கு? 80 ஜிபி என்று பெட்டியில் போடுவான், விண்டோஸில் பார்த்தால் 74.5. அதற்கும் அமெரிக்காவில் வழக்கு நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-ல் சமரசத்துக்கு வந்து பேக்கப் மென்பொருள் கொடுத்தது. அடுத்த வருடம் சீகேட் ஐந்து சதவீதம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

கணக்குப்பிள்ளை:
அது ஏமாற்றே இல்லை. டிஸ்க்காரன் ஆயிரத்தால் பெருக்குகிறான், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. கிகா என்றால் நூறு கோடி. பைட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை.

டிஸ்க் மணி:
அப்படியானால் ராம் வாங்கும்போது மட்டும் ஏன் 1024?

நீலத்திரை:
ஆரம்பித்துவிட்டார்களா. 1024-ஐத் தொட்டால் விடியும்வரை ஓயாது. இதற்குப் பதில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டு பற்றிப் பேசலாம். 4 ஜிபி என்று விற்றார்கள், 3.5 ஜிபி வேகமாகவும் கடைசி அரை ஜிபி ஆமையாகவும் இருந்தது. 2016-ல் சமரசம், ஆளுக்கு 30 டாலர். அங்கே நான்கு ஜிபியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த வழக்கு.

பழைய மதர்போர்டு:
970-ம் வேண்டாம், 1024-ம் வேண்டாம். கணக்குப்பிள்ளை தப்பிக்க வழி போட்டுக் கொடுக்காதீர்கள். மூவி மேக்கருக்குப் பதில் வரட்டும்.

கணக்குப்பிள்ளை:
பதில் சொல்லியாயிற்று. இப்போது என் முறை. விண்டோஸ் 11 வந்தபோது இதே மதர்போர்டு அண்ணன் என்ன குதி குதித்தார் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறான், இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம் என்கிறான், நன்றாக ஓடும் கணினியைக் குப்பையாக்குகிறான் என்று பக்கம் பக்கமாக எழுதினார். அன்றைக்குத் தகுதியை உயர்த்தினான் என்று கோபம். விஸ்டாவில் தகுதியைத் தாழ்த்தினான் என்று கோபம். அண்ணனுக்கு எந்த உயரம் சரிப்படும் என்று அளவெடுத்துச் சொன்னால் மைக்ரோசாஃப்டுக்குக் கடிதம் போடலாம்.

பழைய மதர்போர்டு:
அது வேறு, இது வேறு.

கணக்குப்பிள்ளை:
எப்படி வேறு?

பழைய மதர்போர்டு:
விஸ்டாவில் காசை வாங்கிய பிறகு ஏமாற்றினான். பதினொன்றில் வாங்கி வைத்திருந்ததைச் செல்லாக்காசாக்கினான். அதிலும் பிசி ஹெல்த் செக் என்று ஒரு சோதனை மென்பொருளைக் கொடுத்து, 'உங்கள் கணினிக்கு ஓடாது' என்று மட்டும் காட்டினான். ஏன் ஓடாது என்று சொல்லவில்லை. ஜனங்கள் திட்டியதும் கொஞ்ச நாள் திரும்ப எடுத்துக்கொண்டான். அப்போதும் நீங்கள்தான் முட்டுக்கொடுத்தீர்கள். மைக்ரோசாஃப்ட் உங்களுக்கு மாமனார் வீடா?

கணக்குப்பிள்ளை:
தனிப்பட்ட தாக்குதல் ஆரம்பமாகிவிட்டது. வாதம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

டிஸ்க் மணி:
ராம் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சட்டப்புள்ளி:
ராமில் முகவரிகளின் எண்ணிக்கை இரண்டின் அடுக்குகளாக, அதாவது 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போவதாக அமைகிறது, அதனால் 1024. டிஸ்க்கில் அந்தக் கட்டாயம் இல்லை.

டிஸ்க் மணி:
கட்டாயம் இல்லையென்றால் ஏன் வாங்குபவனுக்கு நஷ்டம் வரும் பக்கமாகவே போகிறான்? கூடுதலாக வரும் பக்கம் போகலாமே?

பழைய மதர்போர்டு:
மணி, உமக்கு வேறு இடமே இல்லையா? அப்புறம் சட்டப்புள்ளி, உங்களையும் கேட்கிறேன். ஒரு பக்கமும் சாயாமல் நிற்கிறீர்களே, துணைத் தலைவரே ஏமாந்த ஸ்டிக்கரில் சாதாரண ஆள் ஏமாற மாட்டானா? ஆமாம் அல்லது இல்லை.

சட்டப்புள்ளி:
ஏமாறலாம். ஆனால் ஒவ்வொருவரும் எதைப் பார்த்து வாங்கினார் என்பது தனித்தனிக் கேள்வி. அதனால்தான் ஏமாற்று வாதத்தைக் கூட்டாக எடுத்துக்கொள்ளாமல் விலை வாதத்தை மட்டும்...

பழைய மதர்போர்டு:
ஏமாறலாம் என்று சொல்லிவிட்டார். குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
'ஆனால்' என்றும் சொன்னார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் இதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை.

பழைய மதர்போர்டு:
போன முறையும் இப்படித்தான் சொன்னார். நாளைக்கு வருவார் பாருங்கள். வரும்போது ஹெச்பி ஏன் கொதித்தது என்பதற்கும் சேர்த்துப் பதில் கொண்டு வரட்டும். அவர்களும் தளத்தைப் படிக்கவில்லையோ?

கணக்குப்பிள்ளை:
ஹெச்பிக்குப் போட்டியாளன் மலிவாக விற்கிறானே என்ற வயிற்றெரிச்சல், வேறென்ன. வாடிக்கையாளர் மேல் கரிசனமா? 915 போட்டு விற்றவன் லாபம் பார்க்கிறான், நாம் வீணாகச் செலவு செய்தோமே என்ற கோபம்.

பழைய மதர்போர்டு:
வந்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.