வீட்டு வாசலில் ஒரு ஃபால்கன்: பழைய மசில் காரைப் பிரிக்கத் தொடங்கியவர்களின் அனுபவங்கள்

ஈசூனிலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில், அதுவும் வீட்டிலேயே, ஒரு பழைய மசில் காரைச் சீர்ப்படுத்த முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். பதினாலு மாதமாக என் வார இறுதிகள் அதிலேதான் போகின்றன. தொடங்கும்போது எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுவதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

கார் என் மச்சானுடையது. அவருக்குச் சிலேத்தார் பக்கம் ஒரு தரைவீடு, அதன் வாசலில் ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கூரை. நான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவன். எங்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினைப் பிரித்துப் பரப்பி உட்கார முடியாது. இடம் அவருடையது, உழைப்பு பாதிக்குமேல் என்னுடையது என்று பேசிக்கொண்டோம்.

மசில் கார் என்றதும் எல்லோருக்கும் அமெரிக்கக் கார்தான் நினைவுக்கு வரும். 1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓ மாதிரி, நடுத்தர அளவு உடம்பில் பெரிய எஞ்சின். ஆனால் அவை இடப்பக்க ஸ்டீயரிங். நம் சாலைக்கு வலப்பக்கம் வேண்டும். அதே காலத்தில் அதே யோசனையை ஆஸ்திரேலியர்கள் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு செய்தார்கள்: ஹோல்டன் மொனாரோ, வேலியண்ட் சார்ஜர், ஃபோர்டு ஃபால்கன். எங்களுடையது 1971ஆம் ஆண்டு எக்ஸ்ஒய் ஃபால்கன், 302 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், அதாவது 4.9 லிட்டர்.

காசு கொடுப்பதற்கு முன்னால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்துக்கு வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். 45 நாள் எனக்குப் போதும். தினமும் வேலைக்கு ஓட்டிப் போகும் கனவு உள்ளவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வண்டி மெல்பர்னிலிருந்து கன்டெய்னரில் வந்தது. படங்களில் பெயிண்ட் பளபளத்தது. வந்த அன்று சாயங்காலம் மாமா வந்தார். அப்பாவின் நண்பர், செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். பேனட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, ஒரு குவளைத் தண்ணி கொண்டு வா" என்றார். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில் காற்று போகும் சல்லடை இருக்கும் அல்லவா, அதில் மெதுவாக ஊற்றினார். ஊற்றிவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கார்ப்பெட்டைத் தூக்கினார். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சல்லடைக்குக் கீழே உள்ள காற்று அறையின் தகடு துருப்பிடித்துப் போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது, பணத்தைத் தின்பதும் அந்த இடம்தான். படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள், விற்பவரிடம் இந்த ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நான் செய்த பெரிய பிழை வேகம். முதல் மூன்று வார இறுதிகளில் பம்பர், சீட், டேஷ்போர்டு, கதவுத் தகடுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். போல்ட்டுகளை ஒரே மில்லோ டின்னில் போட்டேன். மாமா அந்த டின்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, தரையில் கவிழ்த்து, மரையை விரலால் தடவித் தடவிப் பிரிக்க ஆரம்பித்தார். பெருமரை ஒரு பக்கம், நுண்மரை ஒரு பக்கம். இரண்டு மணி நேரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு பொருளைக் கழற்றினால் படம், ஜிப் பை, பையின் மேல் மார்க்கரில் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு, மூன்றும் முடிந்த பிறகுதான் அடுத்தது.

ஸ்பேனர் விஷயம். நம் வீட்டில் இருப்பது மில்லிமீட்டர் செட். இந்த வண்டி அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13ஆம் நம்பர் உள்ளே போகும், பிடிப்பது போலவே இருக்கும், பலமாகத் திருப்பினால் போல்ட்டின் முனைகளை வழித்துவிடும். அங்குல செட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஜாலான் புசார், கிளாந்தான் லேன் பக்கம் பழைய வன்பொருள் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடாமல் இருந்திருந்தால் மாமா என்னை முதலில் அங்கேதான் அழைத்துப் போயிருப்பார்.

இறுகிப்போன போல்ட்டுக்கு அவர் காட்டிய வழி: எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடு. மறுநாள் கழற்றும் பக்கம் திருப்பாதே. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு. "டிக்" என்று ஒரு சத்தம் வரும். துரு விட்டது என்று அர்த்தம். அப்புறம் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. எக்ஸாஸ்ட் போல்ட் பதினாறில் ஒன்றுகூட உடையவில்லை.

இந்த ஊரின் ஈரம் தனிக் கதை. கதவின் அடிப்பகுதியை ஒரு சனிக்கிழமை காலையில் வெள்ளித் தட்டு மாதிரி தேய்த்து வைத்தேன். மழை வந்தது, மூடிவிட்டுச் சாப்பிடப் போனோம். சாயங்காலம் திறந்தால் மஞ்சள் தூள் தூவியது போலத் துருப் புள்ளிகள். தேய்த்த இடத்துக்கு அன்றைக்கே எப்பாக்சி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடிக்க முடியாது என்றால், அன்றைக்குத் தேய்க்காதீர்கள். ஒரு சாண் தேய்த்து ஒரு சாணுக்கு அடித்தால் போதும்.

இன்னும் இரண்டு விஷயம். தார்ப்பாயின் பள்ளத்தில் மழைநீர் தேங்கும், கழற்றி வைத்த விளக்குக் கிண்ணங்களிலும் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். மச்சான் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மழை நின்றதும் கவிழ்த்துக் கொட்டுவது என் மருமகளின் பொறுப்பு, அவளுக்கு ஒன்பது வயது. பழைய எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டுகூட வாசல் கால்வாயில் போகக் கூடாது. அந்தத் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. கேனில் அடைத்து, தெரிந்த பட்டறையில் கொடுக்கிறேன்.

வரிசை என்று கேட்டால் என் கருத்து: முதலில் துரு, அடுத்து பிரேக், அப்புறம் எஞ்சின், பெயிண்ட் கடைசி. நிறையப் பேர் பெயிண்ட்டில் தொடங்கிப் பாதியில் விற்கிறார்கள்.

*

பிடோக்கிலிருந்து ஒரு பதில்:

அண்ணே, தரைவீடு இல்லாதவனின் அனுபவம் ஒன்று. என் வண்டி ஜோகூரில் நண்பர் கொட்டகையில் நிற்கிறது. பெரிய வேலைக்கு அங்கே போகிறேன். சின்ன வேலையை வீட்டுக்குக் கொண்டு வருகிறேன்: கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்), டிஸ்ட்ரிபியூட்டர், வைப்பர் மோட்டார், கடிகாரம். கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை முழுக்க வடித்து, காய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் வரும். மனைவி போட்ட நிபந்தனை அது, சரியான நிபந்தனை.

முதல் முறை கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தபோது ஏதோ உருண்டு விழுந்தது. கவனிக்கவில்லை. சேர்த்து மாட்டினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் ஒரு நொடி மூச்சு முட்டி நின்றது. பம்ப் வழியில் உட்காரும் மிளகு அளவு இரும்புக் குண்டுதான் அன்று விழுந்தது. மூன்று வாரம் கழித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் அம்மா கண்டெடுத்தார். இப்போது விளிம்பு உயர்ந்த தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதற்குள்தான் எதையும் பிரிக்கிறேன். கார்புரேட்டரை ஒருபோதும் முதலில் கவிழ்க்காதீர்கள்.

*

உட்லண்ட்ஸிலிருந்து:

அண்ணா, உங்கள் பட்டியலில் பிரேக் இரண்டாவதாக இருப்பதைப் பார்த்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் தொழிலிடப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். 1971ஆம் ஆண்டு வண்டி என்றால் பிரேக் லைனிங்கிலும் கிளட்ச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். அதைக் காற்றடித்து ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டுங்கள். அதற்கான முகக்கவசம் போடுங்கள், சாதாரணத் துணிக் கவசம் போதாது. பிள்ளைகள் அன்று வாசலுக்கு வரவே வேண்டாம். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், அதையும் நனைக்காமல் உலர்ந்தபடியே தேய்க்காதீர்கள்.

ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். எங்கள் அப்பாவின் பழைய வண்டியில் வெளியே புதிது போலவே இருந்தது, உள்ளே வீங்கி அடைத்திருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்தபடியே ஓடி, சூட்டில் புகை வந்தது.

*

மறுபடியும் ஈசூன்:

தங்கச்சி, ரொம்ப நன்றி. பின் டிரம்கள் இன்னும் திறக்கவில்லை. உங்கள் பதிவை மச்சானிடம் படித்துக் காட்டிவிட்டேன், தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் கவசமும் வாங்கியாகிவிட்டது. பிடோக் தம்பி, தட்டு யோசனையை இன்றே எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை ஒரு வேலை நடந்தது. ஸ்பார்க் பிளக் எட்டையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் பார்த்தோம். ஏழு சிலிண்டர் 140 psi-ஐ ஒட்டி. ஐந்தாவது மட்டும் 95. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். அப்படியே 95. அப்படியென்றால் பெரும்பாலும் வால்வு, அந்தப் பக்க சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். எப்படியும் வால்வு வந்து உட்காரும் சீட்டைப் பார்க்க வேண்டியிருந்தது, ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின் இது, அந்த ஈயம்தான் சீட்டைத் தேயாமல் காத்தது, இப்போது அந்தப் பெட்ரோல் கிடைக்காது.

மாமாவுக்கு ஃபோன் செய்தேன். "ஐந்தாவதா? நான் வர்ற வரைக்கும் தொடாதே" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வருகிறார். ஜிப் பைகளில் எண் எழுதி வைத்துவிட்டேன்.