சிங்கப்பூர் துவாஸ்ல வேலை, சனிக்கிழமை மதியம்தான் விடுறாங்க. வாரக்கடைசிக்கு எங்க போகலாம்?

துவாஸ் நெல்லைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். துவாஸ்ல கப்பல் கட்டுற இடத்துல இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை, எஸ் பாஸ்ங்கற வேலை அனுமதி. பூன் லேயில ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுல ரூம். சனிக்கிழமை ஒரு மணிக்கு விடுவாங்க. துணி துவைச்சு, தேக்காவுக்குப் போய் காய்கறி வாங்கி, சமைச்சு வச்சா சனி முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ரூம்ல எல்லாரும் போனைப் பாத்துட்டுப் படுத்துக் கிடக்கோம். சென்டோசா, மெரினா பே எல்லாம் வந்த புதுசுலயே பாத்தாச்சு.

மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவையாவது வெளிய போகணும். ஒரு தடவைக்கு நூறு வெள்ளிக்குள்ள (சிங்கப்பூர் டாலர்) முடிஞ்சா நல்லது. கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தரு, பேங்காக் டிக்கெட் மலிவா வருது, சனி சாயங்காலம் போயிட்டு ஞாயிறு ராத்திரி திரும்பிரலாம்ங்காரு. நடக்கிற காரியமா? இந்திய பாஸ்போர்ட்தான்.

இன்னொண்ணு, ஜூன் மாசம் அம்மா ஊர்ல இருந்து வாராங்க. முட்டி வலி உண்டு, சைவம் மட்டும்தான். சிங்கப்பூரைத் தாண்டி ஒரு இடத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. கோயில் இருந்தா சந்தோஷப்படுவாங்க.

ஈசூன் அக்கா:

தம்பி, முதல்ல பேங்காக் கணக்கைப் போட்டுருவோம். விமானம் ரெண்டு மணி நேரச் சொச்சம், சரி. பூன் லேயில இருந்து சாங்கி ஏர்போர்ட் போக ஒரு மணி நேரத்துக்கு மேல. ரெண்டு மணி நேரம் முன்னாடி போய் நிக்கணும். அங்க இறங்கினா குடிநுழைவு வரிசை, ஊருக்குள்ள போக இன்னொரு மணி நேரம். ரூம் சேரும்போது நடுராத்திரி ஆயிரும். மறுநாள் சாயங்காலம் திரும்பவும் ஏர்போர்ட். வாட் அருண் முன்னாடி ஒரு போட்டோ எடுத்துட்டு, திங்கக்கிழமை காலையில டூல்பாக்ஸ் மீட்டிங்ல தூங்கி விழுவீங்க. அண்ணன் ஆசைப்பட்டா அவரே போயிட்டு வரட்டும். நீங்க சீனப் புத்தாண்டு மாதிரி சேர்ந்தாப்புல லீவு வரும்போது போங்க, டிக்கெட் அப்ப மலிவா இருக்காதுங்கறது வேற விஷயம்.

ஒன்றரை நாள் லீவுக்காரங்க ஊர் எவ்வளவு தூரம்னு பாக்கிறதுல பிரயோஜனம் இல்ல. எல்லைச் சாவடியில எத்தனை மணி நேரம் போகும், அதைத்தான் பாக்கணும். மலேசியாவுக்குப் போற உட்லண்ட்ஸ் காஸ்வே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஒரு கிலோமீட்டருக்கு மூணு மணி நேரம் பஸ்ஸுக்குள்ள உக்காந்தவங்களை எனக்குத் தெரியும். ரெண்டு திசையும் சேத்து தினமும் மூணு லட்சம் பேருக்கு மேல தாண்டுற எல்லை அது. முன்னெல்லாம் அந்தப் பக்கம் ஜோகூர் மாநிலத்துல வெள்ளி சனிதான் வார லீவு. நம்ம ஞாயிறு அவங்களுக்கு வேலை நாள்ங்கறதால ஜேபி (ஜோகூர் பாரு) கடைவீதி கொஞ்சம் காத்தாடும். 2025 ஜனவரியில அவங்களும் சனி ஞாயிறுக்கு மாறிட்டாங்க. இப்ப ரெண்டு ஊர்க்காரங்களும் ஒரே நாள்ல ஒரே கடை வாசல்ல நிக்கிறோம்.

உங்களுக்கு ஒரு வசதி, மேற்குக் கோடியில இருக்கீங்க. ஜூரோங் ஈஸ்ட்ல இருந்து சிடபிள்யூ3 மஞ்சள் பஸ் துவாஸ் இரண்டாம் பாலம் வழியா ஜோகூர்ல இருக்கிற புக்கிட் இண்டா போகுது. அங்கயும் கூட்டம் உண்டு, ஆனா காஸ்வே அளவுக்கு இருக்காது. ஞாயிறு விடிகாலையில கிளம்பி மதியம் ரெண்டு மூணு மணிக்குள்ள திரும்பிருங்க. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பலாம்னு நினைச்சீங்கன்னா சிங்கப்பூரே உங்க கூட திரும்பும்.

புதுசுன்னா பஸ் முறையையும் சொல்லிர்றேன். சிங்கப்பூர் சாவடியில எல்லாரையும் இறக்கி விட்டுருவாங்க, பையை பஸ்ல வச்சுட்டு இறங்காதீங்க. முத்திரை வேலை முடிஞ்சு அந்தப் பக்கம் போனதும் வந்த பஸ்ஸையே தேட வேண்டாம். அதே கம்பெனி, அதே நம்பர் எது நிக்குதோ அதுல ஏறலாம். டிக்கெட்டைத் தொலைக்காம இருந்தா போதும். மலேசியச் சாவடியில இன்னொரு தடவை இறங்கி ஏறணும்.

2023 டிசம்பர்ல இருந்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியா விசா கேக்கிறதில்ல, முப்பது நாள் வரை இருக்கலாம். ஆனா எம்டிஏசிங்கற மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் போறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். அது இலவசம், காசு கேக்குற வெப்சைட் எல்லாம் தரகர் வேலை. வரிசை முன்னாடி வந்து நின்னுட்டு அப்பத்தான் போனை எடுத்து நிரப்புற ஆளுங்களை வாராவாரம் பாக்குறேன். தயவுசெஞ்சு நீங்களும் அதைச் செய்யாதீங்க.

உட்லண்ட்ஸ் வழியாத்தான் வரணும்னா ஷட்டில் தெப்ராவ் ரயில் இருக்கு. அஞ்சே நிமிஷம். இங்கிருந்து போக அஞ்சு சிங்கப்பூர் வெள்ளி, ஜேபி சென்ட்ரல்ல இருந்து வர அஞ்சு ரிங்கிட். வரும்போது கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு விலைதான். அதனாலயே ஞாயிறு சாயங்கால டிக்கெட் ரொம்ப முன்னாடியே தீந்துரும். 2026 கடைசியில ஆர்டிஎஸ்ங்கற புது எல்லை தாண்டுற ரயில் ஓடணும்னு திட்டம். ஒரு திசையில மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏத்துமாம். ஓடட்டும், அப்புறம் பேசுவோம்.

அம்மா விஷயம் தனியா எழுதுறேன், இப்ப நைட் டியூட்டிக்குக் கிளம்பணும்.

உபின் சைக்கிள்:

பாஸ்போர்ட்டே வேண்டாம் தம்பி. புலாவ் உபின் தீவுக்குப் போங்க, சிங்கப்பூருக்குள்ளயேதான் இருக்கு.

கிழக்கு மேற்கு ரயில்ல தானா மேரா வரைக்கும் உக்காந்து தூங்கிட்டே வரலாம். அங்கிருந்து 2ஆம் நம்பர் பஸ், சாங்கி வில்லேஜ். படகுத்துறையில பன்னண்டு பேர் சேந்ததும் மரப்படகு கிளம்பும், ஆளுக்கு நாலு வெள்ளி. டிக்கெட், நேரம் எதுவும் கிடையாது. படகுக்காரர் தலையை எண்ணிப் பாத்துட்டு கையைக் காட்டுவாரு, நீங்க கயித்தைப் பிடிச்சு இறங்கி உக்காருவீங்க. நாலு பேரா போனா இன்னும் எட்டுப் பேர் எப்ப வருவாங்கன்னு அந்த பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு இருக்கிறதே ஒரு பொழுதுபோக்கு.

இறங்கின இடத்துலயே வாடகை சைக்கிள் வரிசையா நிக்கும். எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுப் பாருங்க, செக் ஜாவாங்கற கடலோரச் சதுப்புக்குப் போற வழியில இறக்கம் உண்டு, செம்மண்ணும் சரளையுமா இருக்கும். கடல் வத்தின நேரத்துல போனீங்கன்னா பலகைப் பாதையில நடந்துட்டே நண்டு, சேத்துல குதிக்கிற மீன் எல்லாம் பாக்கலாம். கடல் ஏறியிருந்தா வெறும் தண்ணிதான். வத்துற நேரத்தை முன்னாடியே பாத்துட்டுக் கிளம்புங்க. காட்டுப்பன்றி குட்டிகளோட நிக்கும், கிட்டப் போகாதீங்க, பிஸ்கட் பாக்கெட்டை சைக்கிள் கூடையில வச்சுட்டு நகராதீங்க. அந்தக் காலத்துல கருங்கல் வெட்டின குவாரிகள் இப்ப தண்ணி நிரம்பிக் கிடக்கு, அங்க நின்னா சிங்கப்பூர்ல இருக்கோம்ங்கறதே மறந்துரும்.

இருட்டறதுக்கு முன்னாடி திரும்பிருங்க, பொழுது சாஞ்சா படகுக்கு ஆள் சேராது. எல்லாம் சேத்து முப்பது வெள்ளியைத் தாண்டாது.

துவாஸ் நெல்லைக்காரன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பேங்காக்கை விட்டாச்சு, அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன், கோவத்துல இருக்காரு. உபினுக்கு ரூம்ல இப்பவே மூணு பேர் பேர் கொடுத்துட்டாங்க. இன்னொரு கேள்வி, இந்தோனேசியாவோட பாத்தாம் தீவு எப்படி? ஹார்பர்ஃபிரன்ட்ல இருந்து படகுல ஒரு மணி நேரம்தானாமே.

தோ பாயோ பாய்:

பாத்தாமுக்கு நான் பதில் சொல்றேன். படகுப் பயணம் ஒரு மணி நேரம்தான், உண்மை. ஆனா போக வர டிக்கெட் எழுபது வெள்ளியைத் தாண்டிடும். அதுக்கு மேல நம்ம பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கி எடுக்கிற விசா அஞ்சு லட்சம் ரூப்பியா, நாப்பது வெள்ளி பக்கத்துல. கரை ஏறுறதுக்கு முன்னாடியே உங்க நூறு வெள்ளி காலி. பாஸ்போர்ட்ல ஆறு மாசம் மிச்சம் இருக்கணும், அதையும் பாத்துக்குங்க. ரெண்டு ராத்திரி தங்குற மாதிரி இருந்தா போங்க, ஒரு நாளைக்குக் கட்டுபடியாகாது.

போனா நகோயா பேரங்காடியைச் சுத்திட்டுத் திரும்பிடாதீங்க. எல்லாரும் அதைத்தான் செய்றாங்க, அதுக்கு ஜூரோங் பாயிண்டே போதும். காரை எடுத்துக்கிட்டு பாரெலாங் பாலங்கள் வழியா தெக்கே போங்க. ஆறு பாலம், தீவுக்குத் தீவு தாண்டிப் போகும். காலாங் தீவுல வியட்நாம் அகதிகள் முகாம் இருந்த இடத்தை அப்படியே விட்டு வச்சிருக்காங்க. 1979ல இருந்து 1996 வரைக்கும் ஐநா அகதிகள் அமைப்பு நடத்தின முகாம். கோயில், தேவாலயம், கல்லறைத் தோட்டம் எல்லாம் இருக்கு. அவங்க வந்த படகுகள்ல சிலதைக் கரையில ஏத்தி வச்சிருக்காங்க. பக்கத்துல போய் நின்னு பாருங்க, நம்ம ஊர்க் கரையில மீன்பிடிக்கப் போற படகு அளவுதான் இருக்கும். அதுல குடும்பம் குடும்பமா தென்சீனக் கடலைத் தாண்டியிருக்காங்க. நான் அங்க போன அன்னைக்கு எங்களைத் தவிர குரங்குங்கதான் இருந்துச்சு.

முக்கியமான ஒண்ணு: பாத்தாம் நேரம் நம்ம நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால. திரும்புற படகு நேரத்தை அந்த ஊர்க் கணக்குலதான் போட்டிருப்பாங்க. போன் எந்த ஊர் நெட்வொர்க்கைப் பிடிச்சிருக்குன்னு பாக்காம கிளம்பாதீங்க, கரையோரத்துல சில சமயம் சிங்கப்பூர் சிக்னலே வந்துட்டு இருக்கும்.

ஈசூன் அக்கா:

டியூட்டி முடிஞ்சு வந்துட்டேன். அம்மாவுக்கு மலாக்கா.

முட்டி வலின்னு சொன்னதால பத்து மலையும் பினாங்கும் வேண்டாம்னு சொல்றேன். பத்து மலையில 272 படி, பினாங்கு தண்ணீர்மலைக் கோயில்ல அதைப் போல ரெண்டு மடங்குக்குக் கிட்ட. கீழ நின்னு கும்பிட்டுட்டு வர்றதுக்கு அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போகணுமா? மலாக்கா பழைய ஊர் சமதரை. இங்கிருந்து நேர் பஸ் இருக்கு, சாவடி நல்லபடியா விட்டா நாலு மணி நேரம்.

ஆனா ஜூன் முழுக்க இங்க பள்ளி லீவு. சனி ஞாயிறு பக்கமே போகாதீங்க. செவ்வாய் புதன் லீவு எடுத்து ஒரு ராத்திரி தங்குங்க. ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி சனி ஞாயிறுதான், அது கிடைக்காது. அம்மாவுக்கு அதுல ஒண்ணும் நஷ்டம் இல்ல, அந்த நெரிசல்ல முட்டி வலிதான் கூடும்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுல பொய்யாத விநாயகர் கோயில். 1781ல கட்டினது, மலேசியாவுல இருக்கிற பழைய இந்துக் கோயில்கள்ல ஒண்ணு. கோபுரத்தைத் தேடிட்டுப் போனா தாண்டிப் போயிருவீங்க, பக்கத்து வீடுகள் மாதிரி ஓட்டுக் கூரையோட அடக்கமா இருக்கும். சில அடி தள்ளி கம்போங் கிளிங் பள்ளிவாசல், அடுத்து செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூணும் ஒரே நேர்கோட்டுல, அம்மா மெதுவா நடந்தாலும் கால் மணி நேரத்துல முடிஞ்சுரும். மதியம் நடை சாத்துவாங்க, காலையிலயே போயிருங்க.

அங்கிருந்து கிராப் கார்ல காஜா பெராங். மலாக்கா செட்டிகள் இருக்கிற கிராமம். போர்த்துகீசியர் 1511ல வர்றதுக்கு முன்னாடியே வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிட்ட தமிழர்களோட வாரிசுங்க. பேரு பிள்ளை, படையாச்சின்னு இருக்கும், வீட்டுல பேசுறது மலாய். போகிக்கு வாழை இலை போட்டு முன்னோருக்குப் படைப்பாங்க, இலையில நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) இருக்கும்.

என் மாமியாரைக் கூட்டிட்டுப் போனப்ப, கோயில் வாசல்ல மலாய்க்காரங்க மாதிரி கெபாயா சட்டை போட்டு சாரோங் கட்டின ஒரு பெரியம்மா, நெத்தி நிறைய திருநீறு. இவங்க நேரா போய் கையைப் பிடிச்சுக்கிட்டு "எந்த ஊரும்மா நீங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே மலாய்ல பதில் சொல்றாங்க. எனக்கு மொழிபெயர்க்க வாய்ப்பே கொடுக்கல, ரெண்டு பேரும் பத்து நிமிஷம் அவங்கவங்க மொழியில மருமகளைப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க. என்னைக் காட்டிக் காட்டிப் பேசினதுலதான் எனக்கே புரிஞ்சுது.

சாப்பாட்டுக்கு ஜாலான் தெமெங்கோங் பக்கம் வாழை இலைக் கடைகள் உண்டு. சைவம்னு உக்காரும்போதே சொல்லிருங்க, இல்லன்னா கேக்காமலே மீன் குழம்பை ஊத்திருவாங்க.

கடைசியா அம்மா பேப்பர். அவங்க சிங்கப்பூர் விசா பலமுறை வந்து போகிற விசாவான்னு பாருங்க. ஒரு முறைதான்னா மலாக்கா போனா திரும்ப உள்ள வர முடியாது. திரும்பும்போது அவங்களுக்கு எஸ்ஜி வருகை அட்டையைப் புதுசா நிரப்பணும். எஸ் பாஸ் இருக்கிறதால சாலை வழியா வர்ற உங்களுக்கு அது தேவையில்ல. அதனாலயே பசங்க அம்மா அப்பாவுக்கும் மறந்துருவாங்க.

துவாஸ் நெல்லைக்காரன்:

அக்கா, விசாவை எடுத்துப் பாத்துட்டேன், பலமுறைதான். செவ்வாய் புதன் லீவுக்கு எழுதிப் போட்டாச்சு. இந்த ஞாயிறு உபின். கோவமா இருந்த அண்ணனும் வாராரு, மலாக்கா போகும்போது சிகரெட் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காரு, அங்க மலிவாம். வாங்கலாமா?

தோ பாயோ பாய்:

வேண்டவே வேண்டாம் தம்பி. சிகரெட்டுக்கு இங்க வரிச் சலுகையே கிடையாது, ஒரு பாக்கெட்டா இருந்தாலும் சொல்லி வரி கட்டணும், மறைச்சா அபராதம். மலேசியாவுல இருந்து வந்தா மதுவுக்கும் சலுகை இல்ல. வேலை பாஸ்ல இருக்கிறவங்களுக்கு மத்த சாமானுக்கு உள்ள ஜிஎஸ்டி சலுகையும் கிடையாது. அண்ணனுக்கு மலாக்கா வெல்லம் ஒரு கட்டி வாங்கிக் கொடுங்க, தென்னங்கருப்பட்டிதான்.