எல்விஎன்-லேயே இருப்பதா, ஆர்என் படிக்கக் கிளம்புவதா? என் அனுபவம்

எல்விஎன் (ஆர்என்-க்கு ஒரு படி கீழே உள்ள நர்ஸ்) லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, வேலையும் கிடைத்துவிட்டது, உடனே ஆர்என்-க்கு (ரிஜிஸ்டர்டு நர்ஸ்) போவதா இல்லை ரெண்டு மூணு வருஷம் கை பழகட்டும் என்று விடுவதா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நான் இருப்பது கலிஃபோர்னியாவில், அதனால் இங்கே நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு வேலை, முதியோரும் ஆஸ்பத்திரியிலிருந்து தேற வந்தவர்களும் தங்குகிற ஒரு இடத்தில், சாயங்கால ஷிஃப்ட். எலும்பில் இன்ஃபெக்‌ஷன் என்று ஒருவர் வந்திருந்தார், கையில் பிக் லைன் (நரம்பு வழியே மருந்து ஏற்றும் நீளக் குழாய்) போட்டு அனுப்பியிருந்தார்கள், ஆறு மணிக்கு ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். மருந்துப் பையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தாயிற்று, ஆனால் ஏற்ற வேண்டிய ஆர்என் வேறொரு பக்கம் கீழே விழுந்த ஒரு பாட்டியோடு மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஐவி சர்ட்டிஃபிகேட் வாங்கியவள்தான். இங்கே அந்தச் சர்ட்டிஃபிகேட் இருந்தால் எல்விஎன் நரம்பில் ஊசி போடலாம், வெறும் சலைன் மாட்டலாம், ஆனால் மருந்து கலந்த பையைத் தொடக் கூடாது. நோயாளியின் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நீயும் நர்ஸ்தானே?" என்றார். என்னவென்று விளக்குவது? பக்கத்து அறைக்காரருக்குச் சாப்பாட்டுக்கு முன் சுகர் பார்க்கணும், எதிர் அறைப் பாட்டிக்கு மாத்திரையை இடித்து ஆப்பிள் கூழில் கலக்கணும், இதற்கு நடுவில் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த மாதிரி மாதத்துக்கு ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஷிஃப்டுக்கு ஒரு தடவை ஆனபோதுதான் கிளம்பணும் என்று முடிவு பண்ணினேன். ஆகவே தங்கை, வருஷக் கணக்கை விடுங்கள், இன்னொருத்தர் கைக்காக எத்தனை தடவை காத்து நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஆனால் கிளம்புவது வேறு, தயாராவது வேறு. தயாராவதைத் தள்ளிப் போடவே கூடாது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு ஃபிலிப்பைன்ஸ் அக்கா, ஆர்என்-ல் சேர முன்கூட்டியே முடிக்க வேண்டிய அனாட்டமி, ஃபிசியாலஜி எல்லாம் நல்ல மார்க்கில் முடித்து வைத்திருந்தார், அப்புறம் குழந்தைகள், இரட்டை ஷிஃப்ட், வீட்டுக் கடன். கடைசியில் விண்ணப்பிக்கப் போனால், சயின்ஸ் பாடம் ஏழு வருஷத்துக்கு மேல் பழசு, செல்லாது என்றார்களாம். சில காலேஜில் அது அஞ்சு வருஷம்தான். இப்போது பிரேக் நேரத்தில் எலும்புப் பெயர்களை மறுபடி மனப்பாடம் பண்ணுகிறார், வகுப்பில் பக்கத்துச் சீட்டுப் பையனுக்கு அவர் மகன் வயது.

கம்யூனிட்டி காலேஜ் என்றால், இங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் புள்ளி) 46 டாலர்தான். மைக்ரோபயாலஜியை ஒரு செமஸ்டர், அடுத்ததை ஒரு செமஸ்டர் என்று வேலையோடேயே ஒவ்வொன்றாக முடிக்கலாம். எல்விஎன்-களைப் பல காலேஜில் ஒரு சின்ன பிரிட்ஜ் கோர்ஸ் வைத்து இரண்டாம் வருஷத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். சீட்டுதான் கஷ்டம், சில இடத்தில் குலுக்கல், சில இடத்தில் மார்க். தனியார் காலேஜில் உடனே சேர்க்கிறார்களே என்று ஓடாதீர்கள், ஃபீஸைக் கேட்டால் தலை சுற்றும்.

முப்பது யூனிட் வழி ஒன்று இருக்கிறது, யாராவது சொல்லியிருப்பார்கள். எல்விஎன்-கள் அதிகபட்சம் 30 யூனிட் படித்துவிட்டு ஆர்என் பரீட்சை எழுதலாம். டிகிரி கிடையாது. வேறு மாநிலம் போனால் அந்த லைசென்ஸை ஏற்காமல் போகலாம். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை.

ஊரில் பிஎஸ்சி நர்சிங் முடித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தச் சுற்றே வேண்டாம், நேராக ஆர்என் போர்டுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். இது தெரியாமல் எல்விஎன் வகுப்பில் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

கை பழகுவது பற்றி: பழக்கம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. க்ளினிக்கலில், அதாவது நோயாளிகளோடு செய்யும் பயிற்சியில், புதுசாக வந்த பிள்ளைகள் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கவே பயப்படுவார்கள், நமக்கு அது கிடையாது. ஆனால் பரீட்சையில் இதே பழக்கம் காலை வாரும். "இந்த நாலு பேரில் யாரை எல்விஎன்னிடம் விடலாம்?" என்று கேட்பார்கள். நம் ஷிஃப்டில் நாம் யாரைப் பார்க்கிறோமோ அவரைக் குறித்தால் தப்பு, நிலைமை சீராக இருக்கிறவரைத்தான் குறிக்கணும்.

—

மேலே எழுதிய அக்காவுக்கு: நான் எதிர்ப்பக்கம். ஒரு டாக்டர் கிளினிக்கில் எல்விஎன், காலையில் போய் சாயங்காலம் வீட்டில் இருப்பேன், சின்னவனுக்கு இன்னும் ஸ்கூல் ஆரம்பிக்கவில்லை. நீங்கள் சொல்கிற அந்தக் காத்து நிற்பது எனக்கு அநேகமாக இல்லை, தடுப்பூசி, பிபி, போன் பண்ணுகிறவர்களுக்குப் பதில், இதுதான் நாள். இப்போதைக்குப் போகப் போவதில்லை. வீட்டுக்காரர் வேலை டெக்சாஸுக்கு மாறும் போல இருக்கிறது, அதனால் முப்பது யூனிட்டை நானும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் ஏழு வருஷக் கதையைப் படித்ததும் பழைய மார்க் ஷீட்டைத் தேடி எடுத்தேன், என் ஃபிசியாலஜிக்கு இன்னும் ரெண்டு வருஷம் உயிர் இருக்கிறது. டெக்சாஸ் காலேஜில் இதை எப்படிக் கணக்கு பார்க்கிறார்கள் என்று அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.