மூளை அறுவையில் ஒளிப்படமாக்கல்: கை நரம்பைத் தூண்டியும் சிக்னல் வரவில்லை

கேள்வி:
மூளையின் மைய மடிப்பை (இயக்கப் பகுதியையும் உணர்வுப் பகுதியையும் பிரிக்கும் பள்ளம்) ஒட்டிய கட்டி. வெட்டும்முன், கையின் உணர்வைப் பெறும் உணர்வுப் புறணியை, அங்கே ரத்தம் கூடும்போது திரும்பும் ஒளி சற்று மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். டூராவை (மூளையின் வெளியுறை) திறந்தபின், மணிக்கட்டில் மீடியன் நரம்பை 30 விநாடி தூண்டி 30 விநாடி நிறுத்தி, 10 நிமிடம் பதிவு. நுண்ணோக்கியின் வெள்ளை விளக்கு, அதிலேயே உள்ள 8 பிட் வீடியோ. ஓய்வுப் படத்தைக் கழித்தால் ரத்தக்குழாய்களின் ஓரம் மட்டும் கறுப்பும் வெளுப்புமாக நிற்கிறது. உணர்வுப் புறணி தெரியவே இல்லை. எங்கே கோளாறு?

பதில் 1:
குழாயின் ஒரு ஓரம் கறுப்பு, எதிர் ஓரம் வெளுப்பு என்றால் அது அசைவு. இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் மூளை ஏறி இறங்குகிறது. கழிப்பதற்கு முன்பே ஒவ்வொரு பிரேமையும் முதல் பிரேமோடு, குழாய்களை அடையாளமாக வைத்துப் பொருத்துங்கள். மேலே கண்ணாடித் தகடு வைத்தால் அசைவு குறையும். ஆனால் அழுத்தினால் குழாய்கள் வெளுத்து, தேடுகிற சிக்னலும் போய்விடும். சலைன் (உப்புநீர்) ஈரத்தின் பளபளப்பை நீக்க, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய இரண்டு போலரைசர்கள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள்) போதும். இடையில் சலைன் ஊற்றாதீர்கள்.

பதில் 2:
அசைவைச் சரிசெய்தாலும் இந்தக் கேமராவில் கஷ்டம்தான். சிக்னலே, திரும்பும் ஒளியில் 0.1 முதல் 1 சதவீத மாற்றம்தான். 8 பிட்டில் (256 ஒளிப் படிகள்) ஒரு படியே கிட்டத்தட்ட 0.4 சதவீதம், போதாக்குறைக்கு ஆட்டோ கெயினும் (வெளிச்சத்துக்கேற்பக் கேமரா தானே உணர்திறனை மாற்றுவது) வீடியோ சுருக்கமும் மிச்சத்தை விழுங்கும். 12 அல்லது 16 பிட் கேமரா, சுருக்காத பதிவு, கெயின், எக்ஸ்போஷர், போகஸ் எல்லாம் கைமுறை. ஒரு பிக்சல் 30,000 எலக்ட்ரான் பிடித்தாலும் ஒளியின் இயல்பான இரைச்சல் 0.6 சதவீதம் இருக்கும், அதனால் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துப் பல சுற்றுகளைச் சராசரி எடுத்தே ஆகவேண்டும்.

வெள்ளை ஒளியை விட்டு ஃபில்டர் போடுங்கள். 570 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ரத்த அளவின் மாற்றம் தெரியும், சிக்னல் பெரிது. 610 பக்கம் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின். சிக்னல் சிறிது, வடிகால் சிரைகளும் சேர்ந்து ஒளிரும். முதலில் 570-ஐப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. இன்னொன்று: தூண்டாதபோதும் சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை படம் முழுக்க மங்கித் தெளிகிறது. விளக்கா?

பதில் 2:
விளக்கையும் சந்தேகப்படலாம், ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்தால் தெரிந்துவிடும். தாளில் இல்லையென்றால் அது குழாய்களே சுருங்கி விரியும் 0.1 ஹெர்ட்ஸ் அலை. ஒவ்வொரு சுற்றிலும் ஓய்வு நேரத்தைச் சற்றே மாற்றுங்கள், சராசரியில் கரைந்துவிடும்.

பதில் 3:
மயக்க மருந்தையும் கவனியுங்கள். ஆவியாகும் மருந்துகள் குழாய்களை விரித்து மாற்றத்துக்கு இடமில்லாமல் செய்யும், சிரைவழி செலுத்தும் ப்ரோபோஃபால் அதைவிட நல்லது. கட்டியை ஒட்டிய பகுதியில் நரம்பு வேலை செய்தும் ரத்தம் பின்தொடராமல் போகலாம். ஆகவே 'சிக்னல் இல்லை' என்றால் 'வெட்டலாம்' என்று பொருளில்லை. மடிப்பின் உட்சுவரும் இதில் தெரியாது, மேற்பரப்பு மட்டுமே. மூளைமேல் வைக்கும் பட்டை மின்முனையில், என்20 அலை (கை நரம்பைத் தூண்டிச் சுமார் 20 மில்லிவிநாடியில் எழும் மின்அலை) மைய மடிப்பைத் தாண்டும்போது தலைகீழாகும் இடத்தோடு ஒப்பிட்டு, நேரடி மின்தூண்டலால் உறுதிசெய்யுங்கள். ஆனால் படப்பதிவை முதலில் முடித்துவிடுங்கள். மின்தூண்டல் கிளப்பும் ரத்த ஓட்ட மாற்றம் அடங்க நேரமாகும்.